நிழல் விழுவதும் நிழல் விழாததும்: வெளிச் சிற்பங்களை மலைநாட்டுக் கரியால் வரைதல்

நம் சமூகத்திலிருந்து வரும் சஞ்சிகைகளைப் புரட்டிப் பாருங்கள். கவிதை விமர்சனம் இருக்கும், சிறுகதை விமர்சனம் இருக்கும், அறபுத் தமிழ் ஆய்வு இருக்கும், எப்போதாவது நாட்டார் பாடல் பற்றி ஒரு கட்டுரை இருக்கும். சிற்பத்தைப் பற்றி ஒரு பக்கம் தேடினால் கிடைப்பது கஷ்டம். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிலை என்ற சொல் காதில் விழுந்ததும் ஹறாமா ஹலாலா என்ற பேச்சு தொடங்கி, அந்த இடத்திலேயே முடிந்தும் விடுகிறது. பேச்சு முடிந்தது என்பதற்காகச் சிலைகள் எழுந்து போய்விடுவதில்லை. சந்தியில் நிற்கின்றன, பூங்காவில் நிற்கின்றன, மலை உச்சியில் உட்கார்ந்திருக்கின்றன. யாரை நிறுத்துவது, யாரை உட்காரவைப்பது, யாரைக் கணக்கிலேயே எடுக்காமல் விடுவது என்று எவரோ தீர்மானித்திருக்கிறார்கள். அந்தத் தீர்மானத்தை வாசிக்கவாவது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். வணங்கவும் வேண்டாம், வாங்கி வீட்டில் வைக்கவும் வேண்டாம்.

சிற்பத்தை வாசிக்க எனக்குத் தெரிந்த நேரான வழி, அதன் முன்னால் உட்கார்ந்து வரைவது. போனில் படம் எடுக்க ஒரு விநாடி போதும். எடுத்தவர் பிறகு அதைப் பார்ப்பதும் இல்லை. வரைய உட்கார்ந்தால் அரை மணித்தியாலமாவது பார்த்தே ஆகவேண்டும். பத்தாவது நிமிடத்தில்தான் தோள் ஒன்று மற்றதைவிடத் தாழ்ந்திருப்பது தெரியும். இருபதாவது நிமிடத்தில் வெயில் நகர்ந்து, அதுவரை வயிறு என்று நினைத்தது துணியின் மடிப்பு என்று புரியும். இது ஓவியர்களுக்கு மட்டும் உரிய வித்தை இல்லை. வடிவாக வரையத் தெரியாதவருக்கும் பார்க்கத் தெரிய வருகிறது; நமக்கு வேண்டியதும் அதுதான்.

வெளிநாடுகளில் இது ஒரு பழக்கமாகவே ஆகியிருக்கிறது. இங்கிலாந்தில் 1977இல் திறக்கப்பட்ட யோர்க்ஷயர் சிற்பப் பூங்காவில் ஹென்றி மூரின் பெரிய வெண்கல உருவங்கள் புல்வெளியில் கிடக்கின்றன, அவற்றைச் சுற்றி ஆடுகள் மேய்கின்றன. அப்படியான பூங்காக்களுக்குப் போகிறவர்கள் கீழே கிடக்கும் குச்சியைப் பொறுக்கி, சேற்றில் தோய்த்து, இலையைக் கசக்கி, எதிரே நிற்கும் சிற்பத்தை வரைகிறார்கள். அதே நாட்டில் அன்டி கோல்ட்ஸ்வேர்தி என்ற சிற்பி இலை, பனிக்கட்டி, முள், கல் இவற்றாலேயே சிற்பம் செய்கிறார். பல நாளில் உதிர்ந்துவிடும், படம் மட்டும் மிஞ்சும். மூர் வேறு ரகம். 1972இல் தன் பட்டறை ஜன்னல் வழியாகத் தெரிந்த ஆடுகளைச் சாதாரண போல்பொயின்ட் பேனையால் ஒரு கொப்பி நிறைய வரைந்து தள்ளினார். ஆகவே குச்சியும் சேறும் உயர்ந்தவை, பேனை தாழ்ந்தது என்று யாரும் பெருமைப்பட வேண்டியதில்லை. எந்தப் பொருளால் வரைந்தோம் என்பதற்கு ஒரு அர்த்தம் வரவேண்டுமானால், அந்தப் பொருளுக்கும் எதிரே நிற்கும் உருவத்துக்கும் ஒரு உறவு இருக்கவேண்டும்.

அந்த உறவு உடப்புசல்லாவையில் கைநீட்டினால் கிடைக்கிறது.

முதலில் கரி. தேயிலைச் செடியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவார்கள். வெட்டிய மலையில் விரல் தடிப்பிலிருந்து பென்சில் தடிப்பு வரை குச்சிகள் குவிந்து கிடக்கும். லயத்துப் பெண்கள் கட்டிக்கொண்டு போய் அடுப்பெரிப்பார்கள். அந்தக் குச்சியில் மெலிந்ததாகப் பார்த்து, பட்டையைச் சுரண்டி, ஒரு பால்மா டின்னுக்குள் நெருக்கி அடுக்கவேண்டும். மூடியில் ஆணியால் ஒரு ஓட்டை. டின்னை அடுப்பு நெருப்பில் வைத்தால் ஓட்டையால் புகை வரும். புகை நின்றதும் எடுத்து, ஆறும்வரை மூடியைத் திறக்கக்கூடாது. காற்றுப் பட்டால் உள்ளே சாம்பல்தான் மிஞ்சும். தேயிலை மரம் இறுகிய மரம். கடையில் விற்கும் கரிக்குச்சிபோல மெதுவாக வழுக்காது, சில இடத்தில் கடதாசியைக் கீறும். கல்லை வரையும்போது அந்தக் கீறலும் வேண்டியதே.

அடுத்தது சாயம். டஸ்ட் தேயிலையைப் பாதியாக வற்றும்வரை கொதிக்கவைத்தால் செம்பழுப்பு வரும். ஒரு பூச்சுக் காய்ந்தபின் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று என்று பூசப் பூச நிழல் ஆழமாகும். இந்தச் சாயத்தை இன்னும் கறுப்பாக்க ஒரு வழி உண்டு. துருப்பிடித்த ஆணிகளை வினாகிரியில் சில நாள் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரில் சில துளியைச் சாயத்தில் விட்டால் உடனே கறுத்துவிடும். தேயிலையில் இருக்கும் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கறுப்பு பிறக்கும். இது நமக்குப் புதிய செய்தியா? பழைய அறபுக் கையெழுத்துப் பிரதிகளின் மையை இரண்டு வகையாகச் சொல்வார்கள்: புகைக்கரியால் ஆனது மிதாத், துவர்ப்புக் காயையும் இரும்பு உப்பையும் சேர்த்துக் காய்ச்சியது ஹிப்ர். உடப்புசல்லாவை அடுப்படியில் ஒரு பிள்ளை ஆணியையும் தேயிலையையும் கலக்கும்போது செய்வது ஹிப்ருக்குச் சொந்தக்கார மை. கரைத்துவிடக்கூடிய எழுத்தும் நம் வீடுகளுக்குத் தெரிந்ததே. பீங்கானில் எழுதி, தண்ணீர் ஊற்றிக் கரைத்து நோயாளிக்குக் குடிக்கக் கொடுத்ததை நம் உம்மம்மாமார் நேரில் பார்த்திருப்பார்கள். அந்த வழக்கம் சரியா பிழையா என்பது வேறு விவாதம். எழுதுகிற பொருள் மண்ணிலிருந்தும் செடியிலிருந்தும் வந்து திரும்பக் கரைந்துபோகும் என்ற அறிவு நம்மிடம் இருந்தது என்பதற்காகச் சொன்னேன்.

மஞ்சளும் பீட்ரூட்டும் பற்றி ஒரு எச்சரிக்கை. நுவரெலியா மாவட்டத்தில் பீட்ரூட்டுக்குப் பஞ்சமில்லை, சாறு பிழிந்தவுடன் கண்ணைப் பறிக்கும். சில வாரத்தில் மங்கிப் பழுப்பாகிவிடும். மஞ்சள் வெயிலில் வெளிறும். கரி, மண், தேயிலை மூன்றுமே நின்று பிடிக்கும். கடதாசிக்கு, ஸ்டோரில் தேயிலை அடைக்கும் தடித்த கடதாசிப் பையில் கிழிந்ததோ கழித்துவிட்டதோ கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. அதன் பழுப்பே நடுநிறமாக நின்றுவிடும், கரியால் இருட்டை மட்டும் போட்டால் போதும். வெளிச்சத்துக்கு வெள்ளை வேண்டுமென்றால், வேலி ஓரத்தில் வளரும் வெள்ளிப் பன்னத்தைத் தேடுங்கள். இலையின் அடியில் வெள்ளைத் தூள் இருக்கும். பிள்ளைகள் புறங்கையில் வைத்து அடித்து அச்சுப் பதிக்கும் அதே இலை.

சரி, எதை வரைவது?

நமக்குக் கிட்டத்தில் இருக்கும் பேர்போன வெளிச் சிற்பம் அப்புத்தளைக்கு மேலே, தம்பேதன்னைத் தோட்டத்து உச்சியில், லிப்டன் சீட்டில் இருக்கிறது. உடப்புசல்லாவையிலிருந்து வெலிமடை வழியாகப் போய்விடலாம். சேர் தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கியவர். கீழே விரிந்து கிடக்கும் மலைகளை அவர் உட்கார்ந்து பார்த்த இடம் என்று சொல்லி, அங்கே அவரை உட்காரவைத்திருக்கிறார்கள். கையில் தேநீர்க் கோப்பை. வருகிறவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்த உருவத்தைத் தேயிலைக் கரியால் வரைய உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் ஒரு விஷயம் பிடிபடும். உட்கார்ந்த உருவத்தை வரைவது சுலபம். எடை எல்லாம் கீழே போய் இருக்கையில் தங்கிவிடுகிறது. எந்தத் தசையும் இழுபடவில்லை. கோட்டில் பதட்டம் இல்லை. சிற்பத்தின் தரம் எப்படி என்று கேட்டால், உல்லாசப் பயணிக்காகச் செய்த சாதாரண வேலை என்றுதான் சொல்வேன். அதைவிட முக்கியம் இருப்பு நிலை. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை சரிவில் நின்றபடி கொழுந்தெடுக்கிறவர்கள். உச்சியில் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருக்கிறார். இதைச் சிற்பி நினைத்துச் செய்தாரோ இல்லையோ, அந்த இடம் அப்படிப் பேசுகிறது. நான் வரைந்துகொண்டிருந்தபோது கொழுந்து நிறுத்துவிட்டு வந்த ஒரு அம்மா படத்தைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்த கரியைத்தான் பார்த்தார். “இது கவ்வாத்துக் குச்சிதானே சேர்? அடுப்புக்கு ஆகுமே” என்றார். படத்தில் இருந்த துரையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் மார்க்கக் கேள்விக்கு வந்தே ஆகவேண்டும், ஏனெனில் நம் பிள்ளைகள் சித்திரப் பாடத்தை விட்டு ஓடுவதற்கு அதுதான் வாசல். நான் ஆலிம் இல்லை, பத்வாச் சொல்லவும் வரவில்லை. எல்லோருக்கும் திறந்து கிடக்கும் நூல்களில் உள்ளதை மட்டும் எடுத்து வைக்கிறேன். உயிருள்ளவற்றின் உருவம் பற்றி இமாம்களிடையே ஒரு பழைய பிரிப்பு உண்டு: நிழல் விழும் உருவம், நிழல் விழாத உருவம். சிலைக்கு நிழல் உண்டு. சுவரிலோ துணியிலோ உள்ள படத்துக்கு இல்லை. மாலிக்கி மத்ஹபில் பலர் முதலாவதைத் தடுத்து, இரண்டாவதை வெறுக்கத்தக்கது என்ற அளவில் நிறுத்தினார்கள். நமது ஷாபிஈ மத்ஹபின் இமாம் நவவீ இந்த வேறுபாட்டை ஏற்கவில்லை. நிழல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உயிருள்ளவற்றின் உருவம் கூடாது என்பதே அவர் நிலை. சிறுபிள்ளைகளின் விளையாட்டுப் பொம்மைக்கு விலக்கு உண்டு. தலை நீக்கப்பட்டு, உயிர் வாழ முடியாத வடிவாகிவிட்டால் சட்டம் மாறும் என்பதும் சொல்லப்பட்டிருக்கிறது. உருவம் வரைந்து பிழைத்த ஒருவரிடம் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள், செய்தே ஆகவேண்டுமென்றால் மரத்தையும் உயிரற்றதையும் செய் என்று வழிகாட்டியது நாம் அறிந்த செய்தி. மறுபக்கம், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தின் முஃப்தி முஹம்மத் அப்துஹு, சிசிலித் தீவில் படங்களையும் சிலைகளையும் பார்த்துவிட்டு, வணக்கம் என்ற ஆபத்து நீங்கிய இடத்தில் இவை அறிவைக் காத்துவைக்கும் சாதனங்கள் என்று எழுதினார். அதை ஏற்றவர்களும் உண்டு, மறுத்தவர்களும் உண்டு.

இதில் ஒரு விமர்சகனுக்குப் பயன்படும் நுணுக்கம் இருக்கிறது. சிலையைக் கரியால் வரைகிறவர் உண்மையில் எதை வரைகிறார்? மனிதனை வரையவில்லை, அந்த மனிதன் அங்கே இல்லை. வெண்கலத்தின்மேல் விழுந்த வெளிச்சத்தையும், அதன் மறுபுறத்து இருட்டையும் வரைகிறார். நிழல் உள்ள பொருளிலிருந்து அதன் நிழலை மட்டும் எடுத்து, நிழல் விழாத ஒரு தாளுக்குக் கொண்டுவருகிறார். இமாம்கள் தொட்ட அதே இடத்தில்தான் இந்த வேலையும் நடக்கிறது. இதைச் சட்ட வாதமாக நான் வைக்கவில்லை; பார்வைக்கு உதவும் ஒரு குறிப்பாக வைக்கிறேன். பேணுதலாக இருக்க விரும்பும் பிள்ளைக்கு நவவீ இமாமின் நிலைக்குள்ளேயே நின்றுகொண்டு செய்ய நிறைய இருக்கிறது: முகத்தையும் தலையையும் விட்டுவிட்டுச் சுமையை வரையலாம், துணியை வரையலாம், கால் பதிந்த தரையை வரையலாம். வெளிச் சிற்பங்களில் விஷயம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. லிப்டனின் முகத்தைவிட அவர் கையிலிருக்கும் கோப்பை அதிகம் பேசும்.

சுமை என்றதும் சென்னை மெரினாக் கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலை நினைவுக்கு வரும். சிகிச்சைக்கும் சாமான் எடுக்கவும் சென்னை போய்வந்த நம்மவர்கள் அதை பஸ்ஸில் இருந்தே எத்தனையோ தரம் கடந்திருப்பார்கள். சென்னைக் கலைப் பள்ளியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. 1959ஆம் ஆண்டுக் குடியரசு தினத்துக்கு முந்திய நாள் நிறுவப்பட்டது. நான்கு ஆண்கள் ஒரு பெரும்பாறையைப் புரட்ட முயல்கிறார்கள். 1923இல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிய அதே கடற்கரை என்பதால் அந்த இடத்துக்கும் ஒரு பொருத்தம் உண்டு.

வேலைப்பாட்டில் குறை சொல்ல இடமில்லை. முதுகெலும்பின் வளைவு, கெண்டைக்கால் இறுக்கம், பாறைக்கும் உடலுக்கும் இடையில் கடப்பாரை போடும் குறுக்குக் கோடு எல்லாமே மேற்கத்தேயச் சிற்பப் பள்ளியை நன்றாக உள்வாங்கியவரின் கை. கரியால் வரைந்தால் தாள் முழுக்கத் தசைதான் நிற்கும். சிக்கலும் அங்கே தொடங்குகிறது. இந்த நால்வரும் பாறையை எங்கே கொண்டுபோகிறார்கள்? யாருக்காக? சம்பளம் யார் கொடுக்கிறார்? சிற்பத்திடம் பதில் இல்லை. வேலையிலிருந்து பிரித்தெடுத்த உழைப்பு அது. பதக்கத்தில் பொறித்ததுபோல நிற்கிறது. மலைநாட்டவருக்குப் பாறை புரட்டுவது உருவகம் இல்லை. 1820களில் கண்டி வீதி வெட்டியதிலிருந்து, பிறகு ரயில் பாதைக்கும், இந்த உடப்புசல்லாவைப் பக்கம் இராகலைவரை வந்து 1940களில் கைவிடப்பட்ட சின்ன ரயில் பாதைக்கும் பாறை உடைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பாறை எங்கே போனது என்று தெரியும். தெருவுக்கடியில் போனது. இன்னொன்றும் சொல்லவேண்டும்: நால்வரும் ஆண்கள். கொழுந்து மலையில் இருந்து வரும் ஒருவருக்கு அது உறுத்தாமல் போகாது.

இந்த இரண்டு குறையும் இல்லாத சிற்பம் ஒன்று வங்காளத்தில், சாந்திநிகேதனில் இருக்கிறது. அதை நான் படங்களில்தான் பார்த்திருக்கிறேன் என்றாலும், மலைநாட்டுச் சிற்பம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எங்கோ இருக்கும் அதையே சொல்வேன். ராம்கிங்கர் பைஜ் 1938இல் செய்த ‘சந்தால் குடும்பம்’. சந்தால் பழங்குடிக் குடும்பமொன்று தட்டுமுட்டுச் சாமான்களோடு இடம் பெயர்கிறது. தகப்பனின் தோளில் காவுதடி, அதன் கூடையொன்றில் பிள்ளை, பக்கத்தில் தாய், காலடியில் கூடவே ஒரு நாய். ஆள் உயரத்துக்கும் பெரிய உருவங்கள். ராம்கிங்கரிடம் வெண்கலம் வார்க்கப் பணம் இருக்கவில்லை. கம்பியால் எலும்புக்கூடு கட்டி, சிமெந்தோடு அந்த ஊரின் செம்புறைக் கல் பரலைக் கலந்து அடித்து உருவாக்கினார். அந்தப் பரல் அந்த மக்கள் நடந்த தரையின் பரல். ஆகவே நடக்கிறவர்களும் தரையும் ஒரே பொருள். பொருளுக்கும் உருவத்துக்கும் உறவு வேண்டும் என்று மேலே சொன்னேனே, அதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் எனக்குத் தெரியாது.

மெருகேற்றிய வெண்கலத்தில் வெளிச்சம் வழுக்கும். பரல் மேற்பரப்பில் வெளிச்சம் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு கல்லும் தனக்கென்று ஒரு துளி நிழல் வைத்திருக்கும். அதை வழவழப்பான பென்சிலால் பிடிக்க முடியாது. கவ்வாத்துக் குச்சிக் கரியைப் படுக்கையாகப் பிடித்துச் சொரசொரத் தாளில் இழுத்துப் பாருங்கள். கோடு உடைந்து, அங்கங்கே விட்டுவிட்டு, அந்தப் பரல் தானாகவே வந்து நிற்கும். செம்மண்ணைக் கஞ்சித் தண்ணியில் குழைத்து விரலால் ஒற்றினாலும் வரும். இந்தப் பொருளால் இந்தச் சிற்பத்தை வரையலாம் என்பது இப்படித்தான் தெரியவருகிறது.

அந்தக் குடும்பத்தைப் பார்க்கும்போது நமக்கு யார் நினைவு வரவேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை. தலைமன்னாரில் இறங்கி மாத்தளைவரை காட்டுவழி நடந்தவர்களுக்கு 2023இல் இருநூறு ஆண்டு நினைவாக, அதே வழியால் மக்கள் நடந்து வந்தார்கள். அந்த முதல் நடையைக் காட்டும் இப்படியொரு சிற்பம் மலைநாட்டில் எந்தப் பூங்காவில் இருக்கிறது? நுவரெலியாவில் விக்டோரியா பூங்கா இருக்கிறது. 1897இல் மகாராணியின் அறுபதாம் ஆண்டு விழாவுக்குப் பேர் சூட்டப்பட்டது. இந்த நாட்டில் கால் வைக்காத அந்த அம்மாவின் பெயர் இன்றுவரை இருக்கிறது. தப்பில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். நடந்து வந்தவர்களுக்கு ஒரு மூலை வேண்டாமா என்பதுதான் கேள்வி.

ராம்கிங்கர் 1956இல் செய்த ‘ஆலைச் சங்கு’ இதற்கு அடுத்த பாகம்போல இருக்கிறது. ஆலையின் சங்கு ஊதிவிட்டது. இரண்டு பெண்கள் ஓட்டமும் நடையுமாகப் போகிறார்கள், கூடவே ஒரு பிள்ளை. பின்னால் ஈரச் சேலை காற்றில் பறந்து காய்கிறது. நின்று காயவைக்க நேரம் இல்லை. மெரினாவின் நால்வர் சொல்லாததை இந்தச் சேலை ஒன்றே சொல்லிவிடுகிறது. நேரம் யாருடையது என்று சொல்லிவிடுகிறது. பெரட்டுக்குப் பிந்தினால் அரைப் பேர் என்று கேட்டு வளர்ந்த வீடுகளுக்கு இது விளங்கும். பேணுதலான என் மாணவிக்கும் இந்தச் சிற்பம் வசதி: சேலையை மட்டும் வரைந்தால் போதும், சிற்பத்தில் பாதி வந்துவிடும்.

இவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, நாட்டில் அங்கங்கே அலங்காரமாக வைக்கப்படும் கொழுந்துக்காரி உருவங்களின் வெறுமை தெரிகிறது. தேயிலைப் பெட்டியின் மூடியிலிருந்து இறங்கி வந்தவள் அவள். சிரிப்பு, வண்ணச் சேலை, ஒரு மொட்டுப் பிடித்த விரல். கூடை முதுகில் இருக்கும், கூடையின் பாரம் கழுத்தில் இருக்காது. கூடைக் கயிறு நெற்றியை இழுக்கும்போது தலை முன்னால் சரியும், அந்தச் சரிவு சிலையில் இல்லை. இடுப்பில் படங்கு இல்லை. அட்டைக்கடி தெரியாது, விரலின் கறுத்த பிளவும் தெரியாது. இதை வாயால் விமர்சித்தால் யாரும் கேட்கமாட்டார்கள், “வடிவாத்தானே இருக்கு” என்பார்கள். வரைந்தால் தெரிந்துவிடும். கூடையை வரையும் பிள்ளை, கயிற்றைத் தொடர்ந்து நெற்றிக்குப் போகும். போனால் கயிறு எதையும் இழுக்கவில்லை. தன் பக்கத்து லயத்து அக்காமாரைத் தினமும் பார்க்கிற பிள்ளைக்கு, சிலைதான் பிழை என்று அங்கே விளங்கிவிடும்.

தேயிலையைக் கலைப்பொருளாக எடுத்தவர்கள் நம்மிடையே உண்டு. தோட்டப் பின்னணியிலிருந்து வந்த ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைச் சாயத்தையும் பாவித்த தேயிலைப் பைகளையும் கொண்டு செய்த வேலைகள் அதற்குச் சாட்சி. அங்கே சாயம் பூசப்படுவது அழகுக்காக இல்லை. கறை கறையாகவே நிற்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ‘இயற்கைப் பொருள்’ என்ற பேரில் இப்போது ஒரு அலங்காரம் பரவுகிறது. காய்ந்த இலையை ஒட்டி, பிரேம் போட்டு, ஹோட்டல் வரவேற்பறையில் தொங்கவிடுகிறார்கள். தேயிலைச் சாயம் பூசிப் ‘பழைய காலத்துத் தாள்’ என்று விற்கிறார்கள். அந்த இலை யாருடைய மலை இலை என்ற கேள்வி அதில் எழுவதே இல்லை. பாடசாலைகளும் இதைப் பின்பற்றி இலை ஒட்டும் போட்டி வைக்கின்றன. இலை ஒட்டினால் பிள்ளைக்கு நேரம் போகும். ஒரு சிற்பத்தின் முன்னால் அரை மணித்தியாலம் உட்கார்ந்தால் கண் வளரும். இரண்டுக்கும் ஒரே பரிசு கொடுப்பது நியாயம் இல்லை.

வசதி இல்லாதவர்களுக்குச் சொல்லும் சமாதானமா இது என்று ஒரு நண்பர் கேட்டார். மற்றப் பிள்ளைகள் நல்ல நீர்வர்ணம் வாங்க, நம் பிள்ளைகள் அடுப்புக்கரியோடு நிற்பதா என்றார். நியாயமான கேள்வி. வர்ணப் பெட்டி வாங்க முடிந்தால் வாங்கிக் கொடுங்கள், பரீட்சைக்கும் அது வேண்டும். ஆனால் ராம்கிங்கர் பணம் இல்லாமல் பரலுக்குப் போனவர், போன இடத்தில் பணம் வாங்கித் தராத ஒன்றைக் கண்டுபிடித்தார். அவரது ஆசிரியர் நந்தலால் போஸ் 1938இல் ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்கு வரைந்த பெரும் படங்களும் உள்ளூர் மண் நிறத்தில், கையால் செய்த கடதாசியில் வரைந்தவைதான். இல்லாமையைக் கொண்டாடச் சொல்லவில்லை. கையிலுள்ள பொருளுக்கு என்ன தெரியும் என்று கேட்கச் சொல்கிறேன்.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில விஷயம். பூங்காவிலோ ஹக்கலைத் தாவரத் தோட்டத்திலோ எதையும் பிடுங்கக்கூடாது, விழுந்ததை மட்டும் பொறுக்குங்கள். பொறுக்கவும் அனுமதி கேட்பது நல்லது. தாளைச் சிற்பத்தின்மேல் வைத்துக் கரியால் தேய்த்து அச்செடுக்கும் ஆசை பிள்ளைகளுக்கு வரும். புராதனக் கல்லில் அதைச் செய்யவே கூடாது, சட்டமும் இருக்கிறது, கல்லுக்கும் கேடு. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து வரைவதுதான் மரியாதை. முதல் தாளில் வெளிக்கோடு போடவிடாதீர்கள். கரியைப் படுக்கையாகப் பிடித்து இருட்டை மட்டும் போடச் சொல்லுங்கள், வெளிக்கோடு தானாக வரும். ஒரு மணித்தியாலம் கழித்து அதே சிற்பத்தை அதே இடத்திலிருந்து மறுபடி வரையச் சொல்லுங்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தால் வெயில் என்ன செய்தது என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

காலம் என்று பார்த்தால் ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை. உடப்புசல்லாவைப் பக்கம் வறண்ட காற்று வீசும் மாதங்கள் அவை. தேயிலைக்கும் அப்போதுதான் நல்ல வாசம் ஏறும், விலையும் ஏறும். தாளும் உடனே காயும், கரியும் ஒட்டும். நவம்பர் மழை தொடங்கிவிட்டால் வெளியே உட்கார முடியாது. வரைந்த தாள்களைக் கஞ்சித் தண்ணி மெலிதாகத் தெளித்துக் காயவைத்து எடுத்து வையுங்கள். இந்தக் குளிரில் தேயிலைச் சாயம் பூசிய தாளில் பூஞ்சணம் பிடிக்கும். அடுப்படிப் பரணில், புகை படும் இடத்தில் வைத்தால் பிடிக்காது.